கையில் சீட்டு உள்ளவனே சொந்தக்காரனா?

2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி பேஸ்புக் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. சுமார் 5 கோடிப் பேரின் கணக்குகள் ஆபத்துக்கு உள்ளாகிவிட்டன என்பது அதன் சாரம். முன்னெச்சரிக்கையாக மேலும் 4 கோடிப் பேரையும் சேர்த்து, ஆக 9 கோடிப் பேர் தங்கள் கணக்குகளிலிருந்து வெளியேற்றப்பட்டு, மறுபடியும் உள்ளே வரும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் விந்தை என்னவெனில், யாரும் தம் ரகசியச் சொல்லை மாற்ற வேண்டியதில்லை என்றும் நிறுவனம் கூறிற்று. திருடர்கள் எவருடைய ரகசியச் சொல்லையும் தொடவே இல்லை. அப்படியானால் களவு போனது எது?

களவு போனது டோக்கன். ரகசியச் சொல்லைப் பற்றி ஊர் முழுவதும் எச்சரிக்கை செய்யப்படுகிறது. அதைவிட அதிகமாகப் புழங்கும் இந்த டோக்கனைப் பற்றிப் பேசுவார் இல்லை.

பித்தளை வில்லை

அந்நாளில் பாங்கிக்குச் செக்கோடு போனவர்கள் பித்தளை வில்லை ஒன்றை வாங்கிக்கொண்டு காத்திருந்ததுண்டு. செக்கைச் சரிபார்ப்பவர் ஒருவர். பணம் எண்ணிக் கொடுப்பவர் வேறொருவர். வில்லையின் எண்ணைப் பார்த்துக் காசாளர் பணத்தைக் கொடுத்துவிடுவார். கம்ப்யூட்டர் உலகத்து டோக்கனும் ஏறத்தாழ இதே காரியத்தைத்தான் செய்கிறது.

கைபேசியிலுள்ள ஒரு செயலி, தொலைவிலுள்ள நிறுவனத்தின் கம்ப்யூட்டரிடம் நாள் முழுவதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படிக் கேட்பதற்கென்று திறந்துவைத்த ஜன்னலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். ஒவ்வொரு முறையும் ரகசியச் சொல்லைக் கேட்டால் ஜனங்களுக்குப் பொறுமை ஏது? ஆகவே ஒரு முறை ரகசியச் சொல்லைச் சரிபார்த்ததும் ஒரு டோக்கன் தரப்படுகிறது. அதன்பின் அந்த டோக்கனைக் காட்டினால் போதும், ஜன்னல் திறக்கும்.

இன்னொரு நன்மையும் இதில் உண்டு. முன்பெல்லாம், நண்பர்களின் முகவரிகளை எடுத்துத் தருவதாகச் சொல்லும் இணையதளங்கள், மின்னஞ்சலின் ரகசியச் சொல்லையே கேட்டு வாங்கின. விளக்கு மாட்ட வந்தவனிடம் இரும்புப் பெட்டிச் சாவியை ஒப்படைத்தது போன்ற காரியம் இது! இதற்கு முடிவு கட்டவே 2007-இல் ‘ஓ-ஆத்’ என்ற ஏற்பாடு பிறந்தது. இதன்படி, ரகசியச் சொல் உரியவரிடமே இருக்கும். வெளியாருக்கு, இன்னதை மட்டும் பார்க்கலாம் என்று வரையறுத்த டோக்கன் தரப்படும். வேண்டாமென்றால் அந்த ஒன்றை மட்டும் ரத்து செய்துவிடலாம். இது நல்ல கண்டுபிடிப்பு என்பதை மறுப்பதற்கில்லை.

பேரர் செக் முறை

சிக்கல் 2012-இல் வந்தது. ஓ-ஆத் ஏற்பாட்டின் முதல் வடிவில், ஒவ்வொரு கோரிக்கையோடும் ஒரு ரகசிய முத்திரையும் வர வேண்டியிருந்தது. அதைச் சரியாக அமைப்பது சிரமம் என்று பலரும் குறைப்பட்டார்கள். அவ்வாண்டு அக்டோபரில் வெளியான இரண்டாவது வடிவத்தில், முத்திரை இல்லாத ‘பேரர் டோக்கன்’ வழக்கத்துக்கு வந்தது. பேரர் செக்கை யார் நீட்டினாலும் பணம் கிடைப்பது போல, இந்த டோக்கன் யார் கையில் இருந்தாலும் செல்லும். இதன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த எரான் ஹாமர், 2012 ஜூலையிலேயே கசந்துபோய்ப் பொறுப்பிலிருந்து விலகித் தம் பெயரையும் எடுத்துவிடச் செய்தார்.

எளிமையை விரும்பியவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி இணைப்பு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் பேரர் டோக்கன் போதும் என்றார்கள். அதே விதிநூல், டோக்கனின் ஆயுள் ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது, அதன் அதிகாரம் குறுகியதாக இருக்க வேண்டும், இணைய முகவரிக்குள் அதை எழுதக் கூடாது என்றெல்லாம் சொல்லியிருக்கிறது. ஆனால் எளிமையை ஏற்றுக்கொண்ட வேகத்தில் எச்சரிக்கையைப் பலரும் ஏற்றுக்கொள்ளவில்லை.

மூன்று சிறு பிழைகள்

பேஸ்புக்கில் நடந்தது என்ன? தம் பக்கம் இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது. அது வெறும் பார்வைக்கு மட்டுமே; எழுத இடமில்லை. ஆனால் பிறந்தநாள் வாழ்த்துப் பெட்டி ஒன்று மட்டும் தவறுதலாக அங்கே வீடியோ அனுப்ப இடம் கொடுத்தது. இது முதல் பிழை. 2017 ஜூலையில் புதிதாக வந்த வீடியோ கருவி, கைபேசிச் செயலிக்குரிய முழு அதிகாரமுள்ள டோக்கனைத் தேவையின்றி அச்சிட்டுத் தந்தது. இது இரண்டாவது. அந்த டோக்கனும், பார்ப்பவர் பெயரில் அல்லாமல், யார் கண்ணால் பார்ப்பதாகப் பாவனை செய்யப்பட்டதோ அவர் பெயரில் அச்சாயிற்று. இது மூன்றாவது.

தனித்தனியே பார்த்தால் சின்னப் பிழைகள். மூன்றும் கூடியபோது, நண்பரின் வீட்டுக் கதவு திறந்துகொண்டது. திருடர்கள் ஒரு நண்பரிலிருந்து இன்னொரு நண்பருக்குத் தாவிச் சென்றார்கள். கடைசிக் கணக்கில் டோக்கன் பறிபோனவர்கள் சுமார் 3 கோடிப் பேர். அவர்களில் 1 கோடியே 40 லட்சம் பேருக்கு, பிறந்த தேதி, மதம், கடைசியாகத் தேடிய 15 விஷயங்கள் முதலிய அந்தரங்கங்களும் பிறர் கைக்குப் போயின.

அச்சே களவு போனால்?

டோக்கன் ஒன்று போனால் ஒருவருக்கு நஷ்டம். டோக்கன் அடிக்கும் அச்சே போனால்? 2023-இல் அதுவும் நடந்தது. 2016-இல் உண்டாக்கப்பட்ட மைக்ரோஸாப்ட் நிறுவனத்தின் கையொப்பச் சாவி ஒன்று, சீனாவைச் சேர்ந்தது எனக் கூறப்படும் ஒரு கூட்டத்தின் கைக்குப் போயிற்று. அதைக் கொண்டு அவர்கள் கள்ள டோக்கன்களைத் தயாரித்து, அமெரிக்க வர்த்தக மந்திரி ஜீனா ரைமோண்டோவின் மின்னஞ்சலைக்கூடப் படித்துவிட்டார்கள். தனிநபர் கணக்குகளுக்கென ஏற்பட்ட சாவியின் கையொப்பத்தை அலுவலகக் கணக்குகளின் காவலும் ஏற்றுக்கொண்டதுதான் பெரிய தவறு. அமெரிக்க ராஜாங்க இலாகா தன் பதிவேடுகளைக் கவனமாகப் பார்த்து வந்ததால்தான் விஷயம் அம்பலமாயிற்று. இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்று அமெரிக்க சர்க்காரின் பரிசீலனைக் குழு 2024 ஏப்ரலில் வெளியான அறிக்கையில் கூறிற்று.

பரிகாரம் என்ன?

பரிகாரம் இல்லாமல் இல்லை. 2023 செப்டம்பரில் வெளியான ஒரு விதிமுறை, டோக்கனை அதை வாங்கிய செயலியின் சொந்தச் சாவியோடு பிணைத்துவிடுகிறது. பேரர் செக்கின் மேல் இரு கோடு போட்டு, இன்னார் கணக்கிலேயே சேர வேண்டும் என்று கிராஸ் செய்வது போன்றது இது. டோக்கனை மட்டும் திருடியவனுக்கு அது வெறும் காகிதம். இதைத் தவிர, ஆயுளைக் குறைப்பது, அதிகாரத்தைச் சுருக்குவது, யாருக்காக அச்சிட்டது என்று ஒவ்வொரு ஜன்னலிலும் பார்ப்பது, சந்தேகம் வந்த கணமே ரத்து செய்வது என்ற பழைய நியதிகள் அப்படியே இருக்கின்றன.

பயன்படுத்துவோரும், எந்தெந்தச் செயலிக்கு அனுமதி கொடுத்தோம் என்ற பட்டியலை அவ்வப்போது பார்த்து, வேண்டாதவற்றை நீக்குவது நல்லது. ஆனால் பொறுப்பு முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுவது நியாயமாகாது. பேஸ்புக்கில் டோக்கனை இழந்தவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. நீளமான ரகசியச் சொல்லும் அவர்களைக் காப்பாற்றியிராது. அயர்லாந்தின் தகவல் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில், இந்த விவகாரத்துக்காக அந்நிறுவனத்துக்கு 25.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஆறு ஆண்டுகள் கழித்து வந்த தீர்ப்பானாலும், குற்றம் யாருடையது என்பதை அது தெளிவாக்கிவிட்டது.

டோக்கன் அடிப்பவர்கள் அதை நோட்டடிப்பவர்களின் கவனத்தோடு அடிக்க வேண்டும். மக்கள் நம்பி ஒப்படைப்பது காசை அல்ல. காசு போனால் சம்பாதித்துக்கொள்ளலாம், வெளியே போன அந்தரங்கம் திரும்பி வராது.