ஓடாத பொறிக்கும் ஒறுப்பா?

பைக்காரா ஆற்றுநீர் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தினின்று இறக்கப்பெற்று 1932இல் மின்னாக்கப்பட்டது. கோவைக்கு அம்மின் வந்த பின்னரே கொங்குநாட்டில் நூற்பாலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ஆலைகளுக்கு உறுப்புகள் செய்துதரக் கடைசற் பட்டறைகள் தோன்றின. வார்ப்படச் சாலைகளும், நீரேற்றுப் பொறியும் மாவரைக்கும் பொறியும் செய்யும் கூடங்களும் அவற்றைத் தொடர்ந்தன. பள்ளிப் படிப்பையும் முடிக்காத தமிழ்த் தொழிலாளர் பலர் தம் கைத்திறம் ஒன்றையே முதலாக வைத்து உருவாக்கிய தொழில்கள் இவை.

இத்தொழில்களின் கழுத்தைத்தான் இன்று மின்கட்டணம் நெரிக்கின்றது.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்த்தப்பட்டது. அலகு ஒன்றுக்கான விலையேற்றம் ஒருபுறம் இருக்கட்டும். கொடுமை நிலைக்கட்டணத்தில் இருக்கின்றது. அதுவரை தாழ்வழுத்த மின்னிணைப்புப் பெற்ற தொழிற்கூடம் கிலோவாட்டு ஒன்றுக்குத் திங்கள்தோறும் 35 உருபா கட்டியது. அத்தொகை 50 கிலோவாட்டு வரை 75 உருபாவாகவும், அதற்கு மேல் 112 கிலோவாட்டு வரை 150 உருபாவாகவும் ஏற்றப்பட்டது. 112 கிலோவாட்டு, அஃதாவது ஏறத்தாழ 150 குதிரைத்திறன் இணைப்பு வைத்திருப்பவர் 3,920 உருபா கட்டிய இடத்தில் 16,800 உருபா கட்ட நேர்ந்தது. நான்கு மடங்குக்கும் மேல்! பின்னர் ஆண்டுதோறும் வந்த உயர்வுகள் தனி.

நிலைக்கட்டணம் என்பது பொறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்டவேண்டிய தொகை. வேலை குறைந்து ஐந்து கடைசற் பொறிகளில் இரண்டே ஓடும் திங்களிலும், ஐந்துக்கும் கட்டியாகவேண்டும். பெருநிறுவனங்களுக்குக் கூலிவேலை செய்துகொடுக்கும் பட்டறையாளர் இவ்வுயர்வைத் தம் கூலியிலே ஏற்றவும் இயலாது. கூலியை முடிவு செய்பவர் வேலை கொடுப்பவரே. பெரிய ஆலைக்குச் சொந்தக் காற்றாலை இருக்கும், வழக்காட வழக்கறிஞரும் இருப்பார். பட்டறைக்காரருக்கு இருப்பவை பொறியும் அதன்மேல் வாங்கிய கடனும்தாம்.

இதே மக்கள் 2008 முதல் ஆறேழு ஆண்டுகள் மின்வெட்டைச் சுமந்தவர்கள். 2012இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால், கோவைக்கு நாளில் பாதிக்கு மேல் இருள். அன்று மின் இல்லாமல் பட்டறைகள் மூடின; இன்று மின் இருந்தும் மூடுகின்றன.

வாரியத்துக்குக் கடன் இல்லையென்று எவரும் சொல்லவில்லை. பற்றாக்குறைக் காலத்தில் தனியாரிடம் கூடிய விலைக்கு வாங்கிய மின்னும் அக்கடனுக்குள் அடங்கும். அவ்வாங்கலை முடிவு செய்தவர் கடைசற்காரர் அல்லரே!

தில்லியின் பங்கும் சிறிதன்று. மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 38ஆம் பதிவாக வைக்கப்பட்டுள்ளது. தமிழ்மண்ணைத் தோண்டி எடுத்த பழுப்பு நிலக்கரியில் விளையும் நெய்வேலி மின்னில் எவருக்கு எவ்வளவு என்று பங்கிடும் அதிகாரம் நடுவணரசின் கையில். கூடங்குளத்தின் ஏதத்தைச் சுமப்பது தமிழ்க் கடற்கரை. அதன் மின்னோ அண்டை மாநிலங்களுக்கும் பிரிகின்றது. தமிழகத்தின் அனல் நிலையங்களோ, ஒடிசாவின் நிலக்கரியைக் கப்பலேற்றிக் கொணர்ந்து எரிக்கவேண்டியுள்ளது. ஆயினும் சென்னை தில்லிமேல் பழிபோட்டுத் தப்பவியலாது. நிலைக்கட்டணத்தை ஏற்றுமாறு கேட்டது தமிழக மின்வாரியமே. ஏற்றது தமிழக ஒழுங்குமுறை ஆணையமே. அவ்வாணையோ பன்னூறு பக்க ஆங்கிலம்! கேட்பவர் தமிழர், கட்டுபவர் தமிழர். கணக்கை விளக்க மட்டும் அயல்மொழி. தம் பட்டறையை மூடவைக்கும் ஆணையைத் தாமே படித்தறியும் உரிமைகூடத் தமிழ்த் தொழிலாளிக்கு இல்லை.

2023 செப்டம்பர் 25இல் தமிழகமெங்கும் குறுசிறு தொழிற்கூடங்கள் ஒருநாள் கதவடைத்தன. அதன்பின் சில தளர்வுகள் வந்தன. ஓடாத பொறிக்கும் கட்டணம் என்னும் முறை மட்டும் நீங்கவில்லை. பெற்ற இணைப்பளவை விடுத்து, அவ்வத் திங்களில் மின்னளவி காட்டிய உண்மையான பயன்பாட்டளவுக்கே நிலைக்கட்டணம் வாங்குக. அதனால் வாரியத்துக்கு நேரும் குறைவை அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலிருந்து ஈடு செய்க. அடுத்த கட்டண ஆணையைத் தமிழில் வெளியிடுக. இம்மூன்றுக்கும் தில்லியின் இசைவு வேண்டியதில்லை.