வலையைக் கேளுங்கள்!

ஆறு சுத்தமாகி விட்டதா? இதை யார் சொல்ல வேண்டும்? ஆறு முடிகிற இடத்தில் வலை வீசுகிறவர் சொல்ல வேண்டும்!

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது பழவேற்காடு. இங்குள்ள ஏரி, இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி. முதலாவது, ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரி.

பழவேற்காடு ஏரியில் ஆரணி ஆறு வந்து கலக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல் நீரும் வந்து போகிறது. பக்கிங்காம் கால்வாய் இந்த ஏரியை எண்ணூரோடு இணைக்கிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் சேருவதால் இறால், நண்டு, மடவை மீன் எல்லாம் இங்கே வளருகின்றன.

பாடு வந்தும் பயன் இல்லை

இங்குள்ள மீனவர்களிடம் "பாடு" என்று ஒரு முறை உண்டு. யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துப் பிரித்துக் கொள்வார்கள். ஏழைக்கும் ஒரு நாள் வரும். ஆனால், தண்ணீர் கெட்டுப்போனால்? பாடு வரும், மீன் வராது!

பெண்கள் தண்ணீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அழுக்குத் தண்ணீர் முதலில் தொடுவது அவர்கள் உடம்பைத்தான்.

எண்ணூர் தந்த பாடம்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. மணலி எண்ணெய் ஆலைப் பகுதியில் இருந்து வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது. படகும் வலையும் கறுத்தன. மீனவர்களே குவளையும் வாளியும் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள்!

அரசாங்கம் நிவாரணம் கொடுத்தது. அது சில நாள் அடுப்பு எரிய உதவும். கெட்ட தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்குமா?

சட்டம் உண்டு

நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-ல் வந்தது. கங்கையைச் சுத்தம் செய்யும் திட்டம் 1986-ல் தொடங்கியது. 2014-ல் "நமாமி கங்கே" வந்தது. பணம் செலவானது. ஆனாலும் கங்கையில் சாக்கடை விழுவது முழுவதும் நிற்கவில்லை.

லண்டன் நகரத்து தேம்ஸ் நதியைப் பாருங்கள். அங்கே மீன் வாழ முடியாது என்று 1957-ல் அறிஞர்கள் சொன்னார்கள். சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களைப் பெரிதாகக் கட்டினார்கள். 1974-ல் சால்மன் மீன் திரும்பி வந்தது! குப்பையை அள்ளியதால் மட்டும் அல்ல; அழுக்கு வரும் வழியை அடைத்ததால்தான் வந்தது.

செய்ய வேண்டியது என்ன?

பழவேற்காடு முகத்துவாரம் மண் மூடாமல் இருக்க, கல் சுவர் அமைக்கும் வேலையை அரசாங்கம் எடுத்தது. அது தேவையான வேலை. ஆனால், வாசலைத் திறந்து வைத்து, கொல்லைப்புறத்தில் சாக்கடையை விடலாமா?

ஆரணி ஆற்றங்கரை ஊர்களின் கழிவு நீர், சுத்தம் செய்த பிறகே ஆற்றில் சேர வேண்டும். ஆலைகளை அதிகாரிகள் மழைக்காலத்திலும் சோதிக்க வேண்டும். சோதனை முடிவைத் தமிழில் எழுதி, மீனவர் ஊர்களில் ஒட்ட வேண்டும். கண்காணிப்புக் குழுவில் மீனவரும், இறால் பிடிக்கும் பெண்களும் இருக்க வேண்டும்.

ஊராருக்கும் பொறுப்பு உண்டு. பிளாஸ்டிக் பையை ஏரியில் வீசினால், அது நம் வலையில்தான் சிக்கும்.

எத்தனை கோடி செலவானது என்பது கணக்கு. வலையில் எத்தனை மீன் விழுந்தது என்பதே பலன். அரசாங்கம் பலனைக் காட்டட்டும்!