பகுதி நேர மாணவருக்குக் கதவடைக்கும் கல்விக் கடன்

பணமில்லை என்ற காரணத்தால் தகுதியுள்ள மாணவர் எவரும் உயர்கல்வியை இழக்கக் கூடாது. 2024 நவம்பரில் பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தபோது ஒன்றிய அமைச்சரவை சொன்ன நோக்கம் இது. நோக்கத்தை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால், யார் ‘தகுதியுள்ள மாணவர்’ என்பதை வரையறுக்கும் இடத்தில்தான் அரசின் வர்க்கச் சார்பு வெளிப்படுகிறது.

பிணையும் ஜாமீனும் இல்லாமல் கடன் தரும் இத்திட்டம், தரவரிசையில் முன்னிற்கும் 860 கல்வி நிறுவனங்களோடு தொடங்கியது. அரசின் அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி 2021-22இல் நாட்டிலிருந்த கல்லூரிகள் 45,473, பல்கலைக்கழகங்கள் 1,168. அதாவது, நூற்றுக்கு இரண்டு நிறுவனங்கள்கூட இதில் அடங்கவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டி மானியம் உண்டு. அதுவும் ஆண்டுக்குப் புதிதாக 1 லட்சம் பேருக்கே. 2030-31 வரையிலான ஏழு ஆண்டுகளுக்கு ஒதுக்கீடு 3,600 கோடி ரூபாய். உயர்கல்வியில் 4.33 கோடி மாணவர்கள் பயிலும் நாட்டில் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

வருமானம் 4.5 லட்சத்திற்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கடன் ஒத்திவைப்புக் காலம் முழுவதும் வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. அது தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு மட்டுமே உரியது. சிற்றூர்க் கல்லூரியில் வரலாறோ வேதியியலோ படிக்கும் விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு அதில் இடமில்லை.

இவ்வளவு வடிகட்டலுக்குப் பிறகும் எஞ்சுவோர் முழுநேர மாணவர்களே. பகலில் உழைத்து மாலையிலோ விடுமுறை நாட்களிலோ அஞ்சல் வழியிலோ படிக்கும் லட்சக்கணக்கானோர் கணக்கிலேயே இல்லை. 2020-21இல் தொலைநிலைக் கல்வியில் மட்டும் 45.71 லட்சம் பேர் சேர்ந்திருந்தனர். உயர்கல்வி மாணவர்களில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு ஒருவர். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும், டெல்லிப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைக் கல்விப் பள்ளியிலும், அதன் பெண்களுக்கான வார இறுதி வகுப்புகளிலும் படிப்போர் யார்? கடை ஊழியர்கள், வீட்டு வேலைக்கும் படிப்புக்கும் இடையே அல்லாடும் இளம்பெண்கள், குடும்பத்தில் முதல்முறையாகக் கல்லூரியைக் காண்பவர்கள். அவர்கள் பகுதி நேரமாகப் படிப்பது விருப்பத்தினால் அல்ல. அன்றாடக் கூலியைக் கைவிட முடியாத நிலையினால்.

தொலைநிலைக் கல்விக்குக் கட்டணம் குறைவுதானே, கடன் எதற்கு என்று கேட்கப்படலாம். கட்டணம் மட்டுமே கல்விச் செலவு அல்ல. புத்தகம், கணினி, இணையம், தேர்வு மையத்திற்கான பயணம், தேர்வுக் காலத்தில் இழக்கும் கூலி ஆகியவை குறைந்த வருமானக் குடும்பத்திற்குப் பெருஞ்சுமை. வங்கியின் வாசல் மூடியிருந்தால் அந்தச் செலவுக்குக் கந்துவட்டிக்காரரும் நுண்கடன் நிறுவனமுமே கதி.

வங்கிகளின் விதிகள் தொடக்கம் முதலே இப்படி இருக்கவில்லை. 2001இல் ரிசர்வ் வங்கி வழியாக அனைத்து வங்கிகளுக்கும் அனுப்பப்பட்ட மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களின் மாலைநேரப் படிப்புகளும் தகுதிப் பட்டியலில் இருந்தன. இன்றோ பெரிய பொதுத்துறை வங்கியின் பொதுவான கல்விக் கடன் விதிகளில் ‘ரெகுலர்’ என்ற ஒற்றைச் சொல் வாயிற்காவலனாக நிற்கிறது. அதே வங்கி, பெயர்பெற்ற மேலாண்மை நிறுவனங்களில் உயர் அலுவலர்கள் படிக்கும் படிப்புகளுக்கும், தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் பகுதி நேரப் படிப்புகளுக்கும் தனித் திட்டம் வைத்திருக்கிறது. ஆக, பகுதி நேரம் என்பது தடையல்ல. படிப்பவர் யார் என்பதே தடை.

அரசின் இரட்டை நாக்கையும் கவனிக்க வேண்டும். தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் வழக்கமான பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் அறிவித்தது. எப்போது வேண்டுமானாலும் படிப்பிலிருந்து வெளியேறலாம், மீண்டும் சேரலாம் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 பெருமை பேசுகிறது. ஆனால், மருத்துவக் காரணம் தவிர வேறு காரணத்தால் படிப்பை இடையில் நிறுத்தினால் வட்டி மானியம் பறிபோகும் என்கிறது அதே அரசின் திட்டம். தந்தை வேலையிழந்ததால் முழுநேரப் படிப்பைவிட்டு வேலைக்குச் செல்லும் மாணவர் கொள்கையின் பார்வையில் ‘நெகிழ்வுத்தன்மையை’ அனுபவிப்பவர். வங்கியின் பார்வையில் மானியம் இழந்த கடனாளி.

கடன் கிடைத்தவர்களின் நிலையும் மெச்சத்தக்கதாக இல்லை. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு 75 சதவீத அரசு உத்தரவாதம் இருந்தும், பெற்றோரின் பழைய நிலுவையையும் சிபில் மதிப்பெண்ணையும் காட்டிக் கிளைகள் கைவிரிக்கின்றன. குறைந்த சிபில் மதிப்பெண்ணைக் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கலாகாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023இல் சொல்ல வேண்டியிருந்தது. பாரத ஸ்டேட் வங்கி கல்விக் கடன் நிலுவைகளை ரிலையன்ஸ் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திற்கு விற்றதையும், வசூல் கெடுபிடிக்கு எதிராக 2016இல் தமிழகத்தில் எழுந்த கொந்தளிப்பையும் மறக்க முடியாது. சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கான வட்டி மானியத் திட்டமோ 2022-23 முதல் கைவிடப்பட்டுவிட்டது.

கடன் எந்நாளும் கல்வி உரிமைக்கு ஈடாகாது என்பதே இடதுசாரிகளின் நிலைப்பாடு. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்குமாறு கோத்தாரி ஆணையம் 1966இல் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டுக் கொள்கையும் அதையே திரும்பச் சொன்னது. இலக்கு இன்றுவரை எட்டப்படவில்லை. மாறாக, 2017இல் உயர்கல்வி நிதி முகமையை உருவாக்கி, மானியம் பெற்ற நிறுவனங்களையே கடனாளிகளாக்கினார்கள். நிறுவனத்தின் கடன் கட்டண உயர்வாகிறது. கட்டண உயர்வு மாணவரின் கடனாகிறது. லாபம் பார்ப்பவை தனியார் கல்வி முதலாளிகளும் நிதி நிறுவனங்களும்தான்.

எனினும், நாளை வரவேண்டிய இலவசக் கல்வியைச் சொல்லி இன்று படிப்பவரைக் கைவிட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட படிப்பு எதுவாயினும், முழுநேரம், பகுதி நேரம், மாலைநேரம், தொலைநிலை என்ற வேறுபாடின்றிக் கடனும் வட்டி மானியமும் வழங்கப்பட வேண்டும். நிறுவனத் தரவரிசை, மாணவரைத் தண்டிக்கும் கருவியாகக் கூடாது. கலை, அறிவியல் படிப்புகளுக்கும் முழு வட்டி மானியம் விரிவுபடுத்தப்பட வேண்டும். வறுமையால் படிப்பை நிறுத்தி வேறு முறையில் தொடர்பவருக்கு மானியம் தொடர வேண்டும். வேலை கிடைத்த பின்பே தவணை தொடங்க வேண்டும். கல்விக் கடன்களைத் தனியாருக்கு விற்பதைத் தடை செய்ய வேண்டும். அனைத்திற்கும் மேலாக, கல்வி உதவித்தொகையும் அரசுக் கல்லூரிகளுக்கான நிதியும் பன்மடங்கு உயர்த்தப்பட வேண்டும்.

பகுதி நேர மாணவருக்கு வகுப்பறையில் மட்டுமல்ல, பணியிடத்திலும் முகவரி உண்டு. எனவே, இது மாணவர் அமைப்புகளின் கோரிக்கையாக மட்டும் நிற்கக் கூடாது. தொழிற்சங்கங்களும் மாதர், வாலிபர் இயக்கங்களும் இதைக் கையிலெடுக்க வேண்டும். உழைத்துக்கொண்டே படிப்பவர் இந்நாட்டில் இரண்டாந்தர மாணவர் அல்லர். அதை ஆட்சியாளர்களுக்குப் போராட்டக் களம் உணர்த்தட்டும்.