பழைய ஓட்டு வீட்டை நீங்களே ரிப்பேர் பண்றீங்களா? கூலில பிடிச்ச மிச்சத்தை வட்டில விட்டுடாதீங்க!

சேலத்துல வேலை, ராசிபுரம் பக்கமோ ஓமலூர் பக்கமோ சொந்த ஊர். அங்க தாத்தா கட்டின ஓட்டு வீடு ஒண்ணு பூட்டியே கிடக்கு. "லீவு நாள்ல நாமளே சரி பண்ணிக் குடி போயிட்டா வாடகையும் மிச்சம், கூலியும் மிச்சம்"னு ஒரு கணக்கு மனசுல ஓடுதா?

நல்ல யோசனைதான், தாராளமா பண்ணுங்க. ஆனா என் கருத்து இதுதான்: அதுக்காகக் கடன் வாங்காதீங்க, எல்லா வேலையிலயும் நீங்களே கை வைக்காதீங்க.

முதல்ல கணக்கு

நீங்களே வேலை செஞ்சா மிச்சமாகிறது கூலி மட்டும்தான். டைல்ஸ், பெயிண்ட், வயர் விலையெல்லாம் அப்படியேதான் இருக்கும். உதாரணத்துக்கு மொத்தச் செலவு 2 லட்சம், அதுல நீங்க பயமில்லாம செய்யக்கூடிய வேலைக்கான கூலி 40,000 ரூபாய்னு வெச்சுக்கலாம்.

அந்த 2 லட்சத்தை 14% வட்டிக்கு, 3 வருஷ பர்சனல் லோனா எடுத்தா மாசத் தவணை சுமார் 6,835 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 46,000. அத்தனை ஞாயித்துக்கிழமையும் வேர்வை சிந்தி 40,000 மிச்சம் பிடிச்சு, அதுக்கு மேலயே பேங்குக்குக் கொடுத்திருப்பீங்க.

"வரில கழிச்சுக்கலாமே"ன்னு கேட்கலாம். நீங்க குடியிருக்கிற வீட்டோட கடன் வட்டிக்குப் புதிய வரி முறையில கழிவு கிடையாது. பழைய முறையிலயும் ரிப்பேர் கடனுக்கு வருஷம் 30,000 ரூபாய் வரைதான். அதுக்கும் வீடு உங்க பேர்ல இருக்கணும்.

வீடு யார் பேர்ல இருக்கு?

பெரும்பாலும் மாட்டுற இடம் இதுதான். பத்திரம், பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்கும். அவர் சுயமா சம்பாதிச்ச வீடா இருந்து, உயில் எழுதாம போயிருந்தா, உங்க அப்பாவுக்கு மட்டுமில்ல, சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் அதுல பங்கு உண்டு. நீங்க டைல்ஸ் போட்டீங்கங்கிறதுக்காக உங்க பங்கு தானா கூடிடாது. உட்கார்ந்து பேசி, எழுத்துல முடிச்சிட்டு அப்புறம் சுத்தியலை எடுங்க.

நீங்க செய்யலாம்

பெயிண்ட், தாழ்ப்பாள், கீல், குழாய் வாஷர், ஜன்னல் பாலிஷ் எல்லாம் நீங்களே செய்யலாம். தப்பானாலும் சில நூறு ரூபாயோட போயிடும்.

ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. சங்ககிரியில சிமென்ட் ஆலையே இருக்கு. இருந்தாலும் தாத்தா காலத்துச் சுவர்ல பெரும்பாலும் சிமென்ட் இருக்காது, சுண்ணாம்போ மண்ணோதான் இருக்கும். அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளிய விடும். அது மேல சிமென்ட் பூச்சும் பளபள எமல்ஷனும் அடிச்சா ஈரம் உள்ளயே அடைபட்டு, உப்புப் பூத்து உரிஞ்சு வரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும், செலவும் கம்மி.

ரெண்டாவது, பழைய கதவு, ஜன்னல்ல இருக்கிற எனாமல் பெயிண்ட். வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பர்லதான். அதுக்கு முந்தின பெயிண்ட்ல ஈயம் நிறைய இருக்கலாம். காய்ஞ்ச உப்புத்தாள் வெச்சுத் தேய்க்காதீங்க, நனைச்சுத் தேய்ங்க, மாஸ்க் போடுங்க. குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் பக்கத்துல இருக்கவே கூடாது.

நீங்க செய்யக் கூடாது

வயரிங்: நாலு பல்பு, ஒரு ஃபேனுக்குப் போட்ட வயர்ல ஏசி, கீசர், இண்டக்‌ஷன் எல்லாம் மாட்டப் போறீங்க. எர்த்திங்கோட, ஷாக் அடிச்சா கரண்டை நிறுத்துற ஆர்சிசிபி-யோட, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் செய்யணும்.

கூரை: கைமரத்தையும் ரீப்பரையும் கரையான் அரிச்சிருக்கிறது ஏறினப்புறம்தான் தெரியும்.

சுவர்: பழைய வீட்டுல தூண், பீம் இல்லாம சுவரேதான் கூரையைத் தாங்கும். ஹாலைப் பெருசாக்கறேன்னு இடிச்சிடாதீங்க.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்: அறுக்கவோ துளை போடவோ செஞ்சா வர்ற தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இந்த நாலுக்கும் முழுக் கூலி கொடுங்க. இதுல மிச்சம் பிடிக்க நினைச்சா உயிரை வெச்சு விளையாடற மாதிரி.

அப்போ காசுக்கு என்ன வழி?

ஓட்டு வீட்டுல ஒரு நல்ல விஷயம், எல்லாத்தையும் ஒரே மாசத்துல முடிக்கணும்னு அவசியம் இல்ல. மாசம் 8,000 ரூபாய் ஆர்டில போட்டா ஒரு வருஷத்துல 96,000 சேரும். ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரை, அடுத்து வயரிங், அப்புறம் குளியலறை, கடைசியாப் பெயிண்ட். பாதிப் பேர் பெயிண்ட்ல ஆரம்பிக்கிறாங்க, அப்புறம் வயருக்காக அதே சுவரை வெட்டுறாங்க.

எல்லா பில்லையும் ஸ்கேன் பண்ணி வைங்க. பின்னாடி வீட்டை வித்தா, புதுசா ரூம், பாத்ரூம் கட்டின மாதிரியான செலவை லாபக் கணக்குல கழிச்சுக்கலாம். வெள்ளையடிச்ச செலவைக் கழிக்க முடியாது.

இந்த ஞாயித்துக்கிழமை பெயிண்ட் கடைக்குப் போக வேண்டாம். அந்த வீட்டுப் பத்திரத்தை எடுத்து, யார் பேர் இருக்குன்னு பாருங்க. அதுதான் முதல் வேலை, அதுக்குச் செலவும் இல்ல.