அவரவர் தொடக்கக் கோடு

கொல்கத்தாவின் ரெட் ரோடு ஆண்டுதோறும் டிசம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாகனங்களை ஒதுக்கிவிட்டு மனிதர்களுக்கு வழிவிடுகிறது. 2014ஆம் ஆண்டு தொடங்கிய 25 கிலோமீட்டர் ஓட்டம் இன்று உலகத் தடகள வரைபடத்தில் இடம்பெற்ற போட்டியாகிவிட்டது. 2023 டிசம்பர் 17 அன்று கென்யாவின் டேனியல் சிமியு எபென்யோ இத்தொலைவை 1 மணி 11 நிமிடம் 13 வினாடியில் கடந்தார். 2012இல் பெர்லினில் டென்னிஸ் கிமெட்டோ பதித்த உலகின் மிகச்சிறந்த நேரத்தைவிட இது 5 வினாடி குறைவு. அன்றே எத்தியோப்பியாவின் சுட்டுமே கெபெடேயும் 1 மணி 18 நிமிடம் 47 வினாடியில் ஓடி, மகளிர் பிரிவில் உலகின் மிகச்சிறந்த நேரத்தைத் தமதாக்கிக்கொண்டார். மறுநாள் நாளிதழ்கள் இவ்விருவரையும் கொண்டாடின. அது முறையே.

ஆனால் அதே சாலையில், அதே நாளில் ஆயிரக்கணக்கான எளிய மனிதர்களும் ஓடினார்கள். கணக்காளர்கள், ஆசிரியைகள், ஓய்வு பெற்றோர், கடைக்காரர்கள் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். அவர்களுள் ஒருவர் தம் முந்தைய நேரத்திலிருந்து 5 வினாடியன்று, 15 நிமிடங்களைக் குறைத்திருக்கலாம். அதை எந்த நாளிதழும் எழுதாது. எழுத வேண்டியதும் இல்லை. அதை எழுத வேண்டியவர்கள், அவரோடு ஓடும் நண்பர்கள். எளிய ஓட்டக்காரரின் முடிவைக் கொண்டாடுவது வெறும் உபசாரமன்று; அவரை மறுநாள் காலை மீண்டும் சாலைக்கு அழைத்துவரும் ஆற்றல் அதுவே என்பது என் கருத்து.

இன்றைய போட்டிகளில் நேரம் கணக்கிடப்படும் முறையே இதற்குச் சான்று. ஓட்டக்காரர் அணியும் எண் அட்டையில் சிறிய சிப் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். தொடக்கக் கோட்டின் விரிப்பைக் கடக்கையில் அவருக்கான கடிகாரம் தொடங்கி, முடிவுக் கோட்டில் நிற்கும். கூட்டத்தின் பின்வரிசையில் நிற்பவர் தொடக்கக் கோட்டை அடையவே பல நிமிடங்கள் ஆகலாம். அந்த நிமிடங்கள் அவருடைய நிகர நேரத்தில் சேராது. கடிகாரமே அவரவரை அவரவர் கோட்டிலிருந்து அளக்கக் கற்றுக்கொண்ட பின்னும், நாம் மட்டும் முதலில் வந்தவரை வைத்தே எல்லோரையும் அளப்பது பொருந்துமா?

வங்கிப் பணியில் நான் அன்றாடம் காணும் உண்மை ஒன்று உண்டு. சேமிப்புக் கணக்குப் புத்தகத்தை ஒருவர் பக்கத்து வரிசையில் நிற்பவரின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. தம் முந்தைய இருப்போடுதான் ஒப்பிடுகிறார். மாதம் 500 ரூபாய் தொடர் வைப்பில் தவறாமல் செலுத்தும் வீட்டுப் பணிப்பெண்ணின் ஒழுங்கு, பெருந்தொகை வைத்திருப்பவரின் ஒழுங்கைவிட எவ்விதத்திலும் சிறியதன்று. ஓட்டமும் அத்தகையதே. ரவீந்திர சரோவரின் கரையிலும் மைதானத்தின் புல்வெளியிலும் மாதக்கணக்கில் அதிகாலையில் செலுத்திய தவணைகளின் முதிர்வுத் தொகையே போட்டி நாளின் நேரம்.

இந்த ஒப்பீட்டிலும் வயதைக் கணக்கில் கொள்ள வேண்டும். ஐம்பதைக் கடந்தவரின் நேரம் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போகாது. ஆகவேதான் முதியோர் தடகளத்தில், ஒருவரின் நேரத்தை அவர் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய மிகச்சிறந்த அளவோடு ஒப்பிட்டு விழுக்காடாகக் கூறும் முறை வழங்கி வருகிறது. பஞ்சாபில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஃபவுஜா சிங், தம் 100ஆம் வயதில் 2011ஆம் ஆண்டு டொராண்டோ மாரத்தானை 8 மணி நேரத்துக்கு மேல் ஓடி முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் அதை ஏற்கவில்லை. ஆவணம் கேட்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அம்முடிவு புரிகிறது. ஆயினும் உலகம் கைதட்டியதற்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை.

"எல்லோரையும் பாராட்டினால் பாராட்டுக்கு என்ன மதிப்பு?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். எல்லோருக்கும் ஒரே சொல்லை வழங்கினால் அதற்கு மதிப்பிராது. "அருமை" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "சென்ற ஆண்டு 18ஆவது கிலோமீட்டரில் நடக்கத் தொடங்கினீர்கள், இவ்வாண்டு இறுதிவரை ஓடினீர்கள்" என்று சொல்வது மேல். அதற்கு நண்பரின் முந்தைய ஓட்டம் நம் நினைவில் இருக்க வேண்டும். நல்ல ஓட்டக் குழுவின் அடையாளம் இந்த நினைவே.

நேரத்தை மட்டும் கொண்டாடும் பழக்கத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. முழங்கால் வலியையும் காய்ச்சலையும் மறைத்துக்கொண்டு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். மார்பில் இறுக்கமோ தலைச்சுற்றலோ தோன்றியும், "பாதியில் நின்றேன்" என்று சொல்லக் கூசித் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். உடலின் எச்சரிக்கையைக் கேட்டு ஓட்டத்தை நிறுத்தியவரையும் நாம் பாராட்டப் பழகினால், அக்கூச்சம் நீங்கும். ஓர் உயிரைக் காக்கும் பாராட்டாகவும் அது அமையக்கூடும்.

2004ஆம் ஆண்டு லண்டன் புஷி பூங்காவில் 13 பேருடன் தொடங்கிப் பல நாடுகளில் பரவிய பார்க்ரன் என்னும் வாராந்தர ஓட்டத்தில் ஓர் அழகிய ஏற்பாடு உண்டு. அனைவருக்கும் பின்னால் தன்னார்வலர் ஒருவர் வருவார். ஆகவே பங்கேற்பாளர் எவரும் கடைசி ஆள் ஆவதில்லை. நம் ஊர்க் குழுக்களும் இதை எளிதில் பின்பற்றலாம். வேகமாக ஓடி முடித்தவர்கள் பதக்கத்தோடு உடனே வீடு திரும்பாமல், குழுவின் இறுதி நபர் வரும்வரை முடிவுக் கோட்டருகே காத்திருக்கலாம்.

கொல்கத்தாவின் 25 கிலோமீட்டர், அரை மாரத்தானைவிட நீண்டது. முழு மாரத்தானைவிடக் குறுகியது. பிற ஊர்களில் அரிதான தொலைவு என்பதால், இங்கு முதன்முறை ஓடும் பலருக்கு ஒப்பிட முந்தைய நேரம் ஏதும் இருப்பதில்லை. எத்தனை மணிக்கு முடித்தாலும் அதுவே அவர்களின் மிகச்சிறந்த நேரம். வரும் டிசம்பரில் உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒருவர் கழுத்தில் பதக்கத்தோடு வந்து நின்றால், "எத்தனையாவது இடம்?" என்று கேளாதீர்கள். "எப்படி ஓடினீர்கள்?" என்று கேளுங்கள்; பதிலை முழுமையாகக் கேட்க நேரமும் ஒதுக்குங்கள்.