தன்னார்வலர் உயிருக்கு யார் பொறுப்பு?

வெளிநாட்டிலிருந்து ஒரு தன்னார்வலர் இங்கே சேவை செய்ய வந்தால் காப்பீடு உண்டு, தங்க இடம் உண்டு, நடு இரவில் கூப்பிட ஓர் எண் உண்டு. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் வன்கொடுமை நடந்த கிராமத்துக்குத் தகவல் திரட்டப் போகிற எங்கள் பிள்ளைகளுக்கு என்ன உண்டு? பஸ் காசு. கூடவே 'சேவை மனப்பான்மை' என்றொரு பாராட்டு. காலனியில் பிறந்தவருக்குப் பக்கத்து ஊர்த்தெருவே அயல்நாடுதான் என்பது திட்ட அறிக்கை எழுதுகிறவர்களுக்குத் தெரியாதா?

2009-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் கேட் பூசி என்ற அமெரிக்க பீஸ் கோர் தன்னார்வலர் கொல்லப்பட்டார். மாணவிகளைச் சீரழிக்கும் ஓர் ஆசிரியரைப் பற்றி அலுவலகத்துக்கு ரகசியமாகத் தெரிவித்திருந்தார். அந்த ரகசியம் காக்கப்படவில்லை என்று அவர் குடும்பம் போராடியது. புகார் சொல்லும் தன்னார்வலரின் அடையாளத்தைக் காக்க 2011-இல் அவர் பெயரிலேயே சட்டம் வந்தது.

இங்கே? நாங்கள் ஒரு காவல் நிலையத்தில் மனு கொடுத்துவிட்டு வீடு திரும்புவதற்குள், யார் கொடுத்தார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிடுகிறது. இது ஒருமுறை நடந்ததல்ல.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 15-ஏ பிரிவைக் கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர் சமூகப் பணியாளரின் உதவியைப் பெறலாம் என்கிறது. பாதிக்கப்பட்டவர், அவரைச் சார்ந்தவர், சாட்சி ஆகியோரைக் காப்பது அரசின் கடமை என்கிறது. உதவப் போகிறவரை யார் காப்பது? அவரும் சாட்சியானால்தான் உண்டு!

காவல்துறை பார்த்துக்கொள்ளும் என்பவர்களுக்கு கண்ணகி–முருகேசன் வழக்கை நினைவூட்டுகிறோம். இதே விருத்தாசலம் பகுதியில் 2003-இல் நடந்த கொலை. தீர்ப்பு வர 18 ஆண்டுகள். தண்டிக்கப்பட்டவர்களில் இரண்டு காவல் அதிகாரிகளும் உண்டு. அவர்கள் குற்றவாளிகள் என்பதை 2025-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

ஆகவே நிறுவனங்களைக் கேட்கிறோம்: களத்துக்கு யாரையும் தனியாக அனுப்பாதீர்கள். காப்பீட்டுக்குப் பணம் ஒதுக்குங்கள். மனுவில் கையெழுத்தை நிறுவனத் தலைவர் போடட்டும், இருபது வயதுப் பிள்ளை அல்ல. ஆட்சியர் தலைமையிலான கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. களப்பணியாளர் பாதுகாப்பை அடுத்த கூட்டத்தின் பொருளாகச் சேர்க்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். அதில் எந்தத் தன்னார்வலரின் பெயரும் இல்லை.