30 விநாடியில் காணாமல் போகும் நெட்டுக்குப்பம்: ஞாயிற்றுக்கிழமை கேமராக்கள் எதைத் தவறவிடுகின்றன?

இன்ஸ்டாகிராமில் 'நெட்டுக்குப்பம்' என்று தேடிப் பாருங்கள். திரும்பத் திரும்ப ஒரே மாதிரியான படம்தான் கண்ணில் படும். கடலுக்குள் நீளும் சிதைந்த பழைய பாலம், அதைச் சுற்றிப் பனிமூட்டம் போலப் பரவிக் கிடக்கும் தண்ணீர், ஆரஞ்சும் ஊதாவுமாக விடியும் வானம். மனிதர்கள் மட்டும் யாரும் இருக்க மாட்டார்கள்.

அழகான படம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டியிருக்கும் இந்த மீனவக் கிராமம் விடியற்காலையில் வெறிச்சோடிக் கிடக்கும் இடம் அல்ல. கடலுக்குப் போகிறவர்கள், கரைக்குத் திரும்புகிறவர்கள், மீன் வாங்க நிற்கிறவர்கள் என ஊரே முழித்திருக்கும் நேரம் அது. அப்படியானால் அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

இந்தக் கேள்விக்குப் பாதி பதில் கேமராவின் ஒரு செட்டிங்கில் இருக்கிறது. மீதி பதில் கேமராவைப் பிடித்திருப்பவரிடம் இருக்கிறது.

அந்த 'பனிமூட்டம்' எப்படி வருகிறது?

இந்த உத்தியின் பெயர் லாங் எக்ஸ்போஷர். சாதாரணமாக ஒரு போட்டோவுக்குக் கேமராவின் ஷட்டர் கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகத்தான் திறந்து மூடும். லென்ஸுக்கு முன்னால் என்.டி. ஃபில்டர் என்ற கறுப்புக் கண்ணாடியை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். '10 ஸ்டாப்' ஃபில்டர் என்றால் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும். அதை ஈடுகட்ட ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். ஒரு விநாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்திருக்க வேண்டிய படத்துக்கு இப்போது அரை நிமிஷம் ஆகும்.

அந்த அரை நிமிஷத்தில் அசையாதது மட்டும்தான் தெளிவாகப் பதியும். பாலம் அசையாது, அதனால் அது கூர்மையாக விழும். அலைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கலந்து புகையாகிவிடும். பாலத்துக்கு முன்னால் கூடையோடு நடந்து போகும் பெண் படத்தில் இருக்கவே மாட்டார். எந்த இடத்திலும் பதியும் அளவுக்கு அவர் நின்றிருக்க மாட்டார்.

இதற்குப் பெரிய கேமராதான் வேண்டும் என்றில்லை. ஐபோனில் லைவ் போட்டோ எடுத்து 'லாங் எக்ஸ்போஷர்' என்று மாற்றினாலும் கிட்டத்தட்ட இதே எஃபெக்ட் வரும். பல ஃபிரேம்களை ஒன்றாகக் கலந்து போனே இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

200 வருஷத்துக் கதை

மனிதர்கள் படத்திலிருந்து காணாமல் போவது போட்டோகிராபியின் தொடக்கத்திலேயே நடந்திருக்கிறது. 1838-ல் லூயி டாகேர் பாரிஸ் நகரின் ஒரு பரபரப்பான சாலையைப் படம் எடுத்தார். பல நிமிஷங்கள் எக்ஸ்போஷர் தேவைப்பட்ட காலம் அது. சாலையில் போன வண்டிகளும் ஆட்களும் பதியவே இல்லை. ஓரமாக நின்று ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த ஒருவரின் உருவம் மட்டும் விழுந்தது. பாலிஷ் போட்ட தொழிலாளியும் மங்கலாகத் தெரிகிறார்.

நம்ம ஊரிலும் இதே கதைதான். மெட்ராஸ் அரசின் போட்டோகிராபராக 1856-ல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படம் எடுத்தார். இன்றைக்கும் வியக்க வைக்கும் படங்கள் அவை. ஆனால் பெரும்பாலானவற்றில் பிராகாரங்கள் ஆளில்லாமல் கிடக்கின்றன. அந்தப் படங்களை மட்டும் பார்க்கிறவருக்கு, மக்கள் கைவிட்ட கோயில்கள் இவை என்றுகூடத் தோன்றலாம்.

அன்றைக்கு அது கருவியின் போதாமை. இன்றைக்கு அப்படிச் சொல்ல முடியாது. இன்றைய கேமராக்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியில் தெறிக்கும் துளியைக்கூடப் பிடித்துவிடும். பின்னணியில் நிற்கிறவர்களை ஒரு தட்டில் அழிக்கும் 'மேஜிக் இரேசர்' வசதி 2021-ல் பிக்சல் 6 போனோடு வந்தது. ஆக, மனிதர்கள் இல்லாத படம் என்பது இப்போது போட்டோ எடுப்பவர் தெரிந்தே செய்யும் தேர்வு.

ஒரு ஹாபிக்கு இவ்வளவு பாரமா?

நியாயமான கேள்வி. வாரம் முழுக்க ஆபீஸில் ஸ்கிரீனைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை பைக்கிலோ கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலிலோ எண்ணூருக்கு வருகிறார்கள். கொஞ்சம் கடல் காற்று, கொஞ்சம் வெளிச்சம், திரும்பும்போது காசிமேட்டில் ஒரு சுற்று. யாருக்கும் கெடுதல் இல்லை. 'அழகா ஒரு படம் எடுத்தது தப்பா?' என்று கேட்டால், தப்பே இல்லை என்பதுதான் பதில். பார்த்துப் பழகிய ஒன்றைப் புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொடுக்கும் ஹாபி இது. அதைக் குற்ற உணர்ச்சியாக மாற்ற வேண்டிய அவசியம் இல்லை.

ஆனால் 'இங்கே யாருமில்லை' என்று காட்டுவது எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. ஊட்டி மலையை ஆளில்லாமல் எடுத்தால் அது ஒரு வால்பேப்பர். எண்ணூரை அப்படி எடுக்கும்போது, அந்த ஊருக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றோடு அந்தப் படமும் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

வரைபடத்திலேயே காணாமல் போன கழிமுகம்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகம்தான் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களுக்கு இறாலும் நண்டும் தந்த இடம். அதன் கரையெங்கும் அனல் மின் நிலையங்கள், துறைமுகம், நிலக்கரிக் கிடங்குகள், எண்ணெய் நிறுவனங்கள். சாம்பல் கலந்து தண்ணீர் ஆழம் குறைந்துபோனதைப் பற்றி மீனவர்கள் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்கள்.

2017-ல் சூழலியல் செயற்பாட்டாளர்கள் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் இந்தக் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருக்கிறது. பின்னர் மாநில அரசு பயன்படுத்திய வரைபடத்தில் அது காணாமல் போயிருந்தது. தண்ணீர் இல்லாத இடம் என்று காகிதத்தில் ஆகிவிட்டால், அங்கே கட்டுமானத்துக்குத் தடையும் இல்லை.

அதே 2017 ஜனவரியில் வெளியான 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' காணொளியில் டி.எம்.கிருஷ்ணா இந்தக் கழிமுகத்தில் நின்றுதான் பாடினார். எல்லோருக்கும் பொதுவான நிலத்தைக் குறித்த 'புறம்போக்கு' என்ற சொல், எதற்கும் உதவாதது என்ற வசவாக மாறியதைப் பற்றிய பாடல் அது. ஒரு இடத்தை 'காலி' என்று பார்க்கத் தொடங்கினால், அங்கே எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் ஒரு போட்டோ வரைபட மோசடிக்குச் சமம் ஆகாது. அப்படிச் சொல்வது அபத்தம். ஆனால் ஆயிரக்கணக்கான படங்கள் சேர்ந்து ஓர் ஊரைப் பற்றிய பொது நினைவை உருவாக்குகின்றன. அந்த நினைவில் ஊர்க்காரர்களே இல்லை என்றால், அவர்கள் இல்லாமலேயே முடிவெடுப்பது எல்லோருக்கும் சுலபமாகிவிடும்.

பேரிடர் வந்தால் மட்டும்

மனிதர்கள் இருக்கும் எண்ணூர் படங்களும் உண்டு. பெரும்பாலும் அவை பேரிடர் நாளில் எடுத்தவை.

2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் கடற்கரையில் வாளிகளால் எண்ணெயை அள்ளிய படங்கள் நாடு முழுக்கப் பரவின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் கழிமுகத்தில் பரவியது. மறுபடியும் மீனவர்கள் படகில் போய்க் கையாலேயே அள்ளினார்கள். இறகெல்லாம் கறுத்துப்போன கூழைக்கடாக்களின் படங்கள் வந்தன. பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே அமோனியா வாயு கசிந்து, மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்.

இந்தப் படங்கள் அவசியமானவை. அவை இல்லையென்றால் விஷயம் வெளியே வந்திருக்காது. ஆனால் ஊரைப் பற்றி வெளியே தெரிவது இரண்டே இரண்டு ஃபிரேம் ஆகிவிடுகிறது: ஒன்று ஆளே இல்லாத அழகு, இன்னொன்று எண்ணெய் பூசிய கை. நடுவில் இருக்கும் மீதி நாட்கள் எங்கே? வலை பின்னுகிற மதியம், மீன் ஏலத்தில் நடக்கும் பேரம், தெரு கிரிக்கெட், முதல் நாள் காலேஜுக்குக் கிளம்பும் பெண்? 'எந்த ஏரியா?' என்று இன்டர்வியூவில் கேட்டால் பதில் சொல்லத் தயங்கும் வட சென்னைப் பசங்களுக்கு அந்த மீதி நாட்கள்தான் முக்கியம்.

கேமரா கை மாறினால்?

இதற்கு ஒரு பதில் ஏற்கெனவே கண்முன் இருக்கிறது. மதுரையில் மீன் விற்ற அம்மாவின் மகன் எம்.பழனிக்குமார். 'பாரி' என்கிற கிராமப்புற இந்தியாவின் மக்கள் காப்பகத்தில் போட்டோகிராபர். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமையைக் காட்டிய 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். 2022-ல் முதல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றவர். அவர் தன் அம்மாவின் உழைப்பைப் படங்களாக எடுத்திருக்கிறார். அந்தப் படங்களில் மீன் விற்பவர் 'சப்ஜெக்ட்' இல்லை, அம்மா. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அவர் போட்டோகிராபியும் சொல்லித்தருகிறார்.

கேமராவைக் கொடுத்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது. கொல்கத்தா சோனாகாச்சியின் பிள்ளைகளிடம் கேமரா கொடுத்ததைப் பற்றிய 'பார்ன் இன்டு பிராத்தல்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களைக் காட்டிய விதத்துக்காக விமர்சனத்தையும் வாங்கியது. யார் கிளிக் செய்தார் என்பதோடு விஷயம் முடிவதில்லை. எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது, கீழே என்ன எழுதுவது, யார் முன்னால் காட்டுவது என்பதை யார் முடிவு செய்கிறார் என்றும் பார்க்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்?

நெட்டுக்குப்பத்துக்குப் போகவே கூடாது என்பது தீர்வு இல்லை. போகிறவர்கள் சில பழக்கங்களைச் சேர்த்துக்கொண்டாலே போதும்.

முதலில், லாங் எக்ஸ்போஷர் முடிந்ததும் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொரு படம் எடுக்கலாம். ஆட்களோடு, படகுகளோடு, தூரத்தில் தெரியும் புகைபோக்கியோடு. போஸ்ட் செய்யும்போது இரண்டையும் சேர்த்தே போடலாம்.

அடுத்து, முகம் தெரிகிற மாதிரி எடுப்பதற்கு முன் கேட்பது. 'அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?' என்று கேட்க இரண்டு விநாடிதான் ஆகும். வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். எடுத்த படத்தை அடுத்த முறை வரும்போது பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தால், அந்தப் படம் அவர்கள் வீட்டுச் சுவருக்கும் போய்ச் சேரும்.

மூன்றாவது, போட்டோ கிளப்புகளுக்கு. நெட்டுக்குப்பத்தில் போட்டோ வாக் நடத்தினால் அந்த ஊர் இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு நடக்கலாம். கண்காட்சி வைத்தால் நகரத்து கேலரிக்கு முன்னால் குப்பத்திலேயே ஒரு சாயங்காலம் வைக்கலாம். 'இது எங்க ஊர் மாதிரி இல்லையே' என்று யாராவது சொன்னால், அதைவிட நல்ல விமர்சனம் வேறு கிடைக்காது.

சென்னை போட்டோ பினாலேவின் நான்காவது பதிப்பு, 2024-25-ல், 'ஏன் போட்டோ எடுக்கிறோம்?' என்ற கேள்வியைத்தான் கருப்பொருளாக வைத்தது. நெட்டுக்குப்பத்துக்கு வாராவாரம் போகிறவர்களிடம் அதற்கு ஒரு தனிப் பதில் இருக்கிறது. பத்திரிகை கேமராக்கள் எண்ணெய் கொட்டிய பிறகுதான் வரும். ஹாபி கேமராக்கள் எதுவும் நடக்காத நாளிலும் அங்கே நிற்கின்றன, அதுவும் வருஷக்கணக்கில், ஒரே இடத்தில், ஒரே கோணத்தில். கரை எவ்வளவு அரிக்கப்பட்டது, தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தது, எத்தனை படகுகள் நின்றன என்பதற்கெல்லாம் அந்தப் படங்கள் சாட்சி ஆகலாம். ஒரு மாசு வழக்கில் 'முன்னால் எப்படி இருந்தது?' என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது, சாதாரண நாளின் படத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

அதற்குச் செய்ய வேண்டியது ரொம்ப சிம்பிள். எடுத்த தேதி, நேரம், ஷட்டர் வேகம் எல்லாம் போட்டோ ஃபைலுக்குள்ளேயே பதிவாகியிருக்கும். லொகேஷனை ஆன் செய்திருந்தால் இடமும் இருக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பும்போது அந்தத் தகவல்கள் போய்விடும். அதனால் ஒரிஜினல் ஃபைலை அழிக்காமல் வைத்திருங்கள். போஸ்ட்டின் கீழே வெறும் 'சன்ரைஸ் வைப்ஸ்' என்று விட்டுவிடாமல் 'நெட்டுக்குப்பம், எண்ணூர்' என்று ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.